விதை இல்லாத செடிக்கு யார் காவல்?



ஒரு விஷயத்தை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். மாடித்தோட்டம், தொட்டிச்செடி என்றாலே எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். "நாலு பெயிண்ட் வாளியில பூச்செடிய வச்சுட்டு நாங்களும் விவசாயிங்காங்க" என்று நம் கூட்டங்களில் கேலி பேசியவர்களில் நானும் ஒருவன். ஏரல் பக்கம் வாழையும் நெல்லும் போடுகிறவன் நான். தூத்துக்குடி டவுனில் இருக்கிற எங்க அக்கா மொட்டை மாடியில் செம்பருத்தி வளர்ப்பதைப் பார்த்து, "இதுல என்னக்கா வெள்ளாமை எடுக்கப் போற?" என்று கேட்டவன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி வந்தது. வாழை சாய்ந்தது, நெல் மூழ்கியது. வேலியோரத்தில் அம்மா காலத்தில் இருந்து நின்ற செம்பருத்திகளும் நாள் கணக்கில் தண்ணீரில் நின்று வேர் அழுகிப் போயின. அந்த நேரத்தில் செம்பருத்தியை யார் நினைத்தார்கள்? வீடு இருக்கிறதா, மாடு இருக்கிறதா என்றுதான் பார்த்தோம்.

அடுத்த போகத்துக்கு நெல் விதை கிடைத்துவிட்டது. வெளி மாவட்டத்து நண்பர்கள் மூட்டையாகவே அனுப்பினார்கள். நெல் ஜெயராமன் போன்றவர்கள் 174 பாரம்பரிய ரகங்களைத் தேடி எடுத்து, ஊர் ஊராகப் பரப்பிவிட்டுப் போனதன் பலன் அது. ஒரு ஊரில் அழிந்தால் இன்னொரு ஊரில் இருக்கும். ஆனால் அம்மாவின் அந்த ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி? அதை யாரிடம் போய்க் கேட்பது? நர்சரிகளில் தேடினேன். உள்ளங்கை அகலப் பூவோடு மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை என்று குட்டையான கலப்பினங்கள் வரிசையாக நின்றன. நான் தேடியது இல்லை.

அக்காவிடம் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"லே தம்பி, அம்மா செடியில குச்சி ஒடிச்சுட்டு வந்துதானல நான் மாடியில வச்சிருக்கேன். வருசம் பன்னெண்டு ஆச்சு. நீ பாத்து நக்கல் பண்ணுன செடி அதுதான்."

அன்றைக்கு ஆறு குச்சி வாங்கி வந்தேன். நான்கு பிழைத்தன. இப்போது வேலியில் நிற்கின்றன.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. நம் இயக்கத்தின் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைக் காட்டத்தான் சொல்கிறேன். நாம் விதையைக் காக்கிறோம். விதைத் திருவிழா நடத்துகிறோம். நல்லது. ஆனால் விதையே வைக்காத செடிகளுக்கு யார் காவல்? நம் வீட்டுச் செம்பருத்தி பெரும்பாலும் காய் பிடிப்பதில்லை. ஒருவர் ஒடித்து இன்னொருவருக்குக் கொடுத்த குச்சி வழியாகவே அது தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. ஆத்தூர் வெற்றிலையும் அப்படித்தான், கொடி நறுக்கி நட்டால்தான் கொடிக்கால். கட்டை பெயர்த்து வைக்கிற வாழையும் இந்தக் கூட்டம்தான். இவற்றைப் பொட்டலம் கட்டிப் பானையில் வைக்க முடியாது. உயிரோடு, எங்கேயோ, யாரோ ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த 'எங்கேயோ' என்பது இனிமேல் பல வீடுகளில் தொட்டியாகத்தான் இருக்கும்.

நம் கடலே இதற்குப் பாடம். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல். பல நூற்றாண்டு பேர் பெற்ற தொழில், பார்களில் சிப்பி இல்லாமல் நின்றது. 1973இல் இங்கேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். 1981இல் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியில் பொரிக்கவும் வைத்தார்கள். கடலில் அள்ளிய சிப்பிக்குக்கூடத் தொட்டி தேவைப்பட்டது. 'அது எங்கேயும் கிடைக்குமே' என்று நாம் நினைக்கிற செம்பருத்திக்குத் தேவைப்படாதா?

சரி, தொட்டியில் வைத்தால் பிழைக்குமா? நம் கரையோரத்தில் அதுதான் பெரிய கேள்வி. "செம்பருத்தி எங்களுக்கு வரமாட்டேங்குது, இலை ஓரம் கருகுது, மொட்டு உதிருது" என்று பலர் சொல்கிறார்கள். பூச்சி என்று நினைத்து மருந்து கேட்கிறார்கள். பெரும்பாலும் பூச்சி இல்லை. உப்பு.

உப்பளம் எப்படி வேலை செய்கிறது என்று தூத்துக்குடிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாத்தியில் தண்ணீர் கட்டுகிறோம், வெயில் தண்ணீரைக் குடிக்கிறது, உப்பு நிற்கிறது. தொட்டியும் ஒரு சின்ன உப்பளப் பாத்திதான். போர் தண்ணீரை ஒரு நாளைக்கு ஒரு செம்பு ஊற்றினால், தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். வயல் என்றால் மழை கழுவிவிடும். மாடித் தொட்டிக்கு மழையை எண்ணிவிடலாம். மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை பூத்திருந்தால், அது தொட்டி உங்களுக்கு எழுதிய கடிதம்.

இதில் பெரிய தவறு ஒன்று ஊரெல்லாம் நடக்கிறது. குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரை 'வீணாக்கக் கூடாது' என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். எண்ணம் நல்லது. கணக்கு தப்பு. 1500 டி.டி.எஸ். உள்ள தண்ணீர் மூன்று குடம் உள்ளே போய், ஒரு குடம் குடிக்க வந்து, இரண்டு குடம் கழிவாக வந்தால், அந்தக் கழிவில் உப்பு 2200 அளவுக்கு ஏறியிருக்கும். அதைக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள். செம்பருத்திக்கு வேண்டாம். ஓட்டை வழியே வடிகிற வரை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். 15 நாளுக்கு ஒரு முறை, தொட்டியின் கொள்ளளவுபோல் இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியை வெளியே நனைய விடுங்கள். அதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

அடுத்தது தென்னை நார்க்கழிவு. நம் துறைமுகத்தின் வழியாகக் கொள்கலன் கொள்கலனாக வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்குப் போகிற சரக்கு இது. அங்கே வாங்குகிறவர் உப்பின் அளவை அளந்து பார்த்துத்தான் வாங்குகிறார். மின்கடத்துதிறன் 0.5க்குக் கீழே கழுவிக் கொடு என்கிறார். நாம் அளக்கிறோமா? நான் ஒரு கடையில் வாங்கிய கட்டியை ஊற வைத்து வடித்த தண்ணீரை நாக்கில் வைத்தேன், கரித்தது. அது முதல், எந்தக் கட்டியானாலும் மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்கிறேன். 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 70 லிட்டருக்குக் குறையாமல் பொங்கும். ஒரு தெருவே பங்கு போட்டுக்கொள்ளலாம்.

நம் மேலும் ஒரு குறை உண்டு. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், மீன் அமிலம் என்று ஆர்வத்தில் தொட்டிக்கு வாரி ஊற்றுகிறோம். கோமியத்திலும் உப்பு இருக்கிறது தோழர்களே. வயலுக்குச் சரியான அளவு தொட்டிக்கு அதிகம். பஞ்சகவ்யம் வயலுக்கு 10 லிட்டருக்கு 300 மில்லி என்றால், தொட்டிக்கு 100 மில்லி போதும், அதுவும் மாதம் இருமுறை. மீன் அமிலம் போடுகிறவர்கள் பச்சை மீன் கழிவில் போடுங்கள். கருவாட்டுக் கழிவு கூடவே கூடாது. கடற்கரையில் கிடைக்கிறதே என்று சிப்பி ஓட்டை இடித்துப் போடுவதும் செம்பருத்திக்கு ஆகாது. சுண்ணாம்பு ஏறினால் செடி இரும்புச் சத்தை எடுக்க முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்.

மண் கலவையில் ரகசியம் ஒன்றும் இல்லை. செம்மண் இரண்டு பங்கு, கழுவிய நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. செம்மண் உங்கள் தோட்டத்து மண்ணாக இருக்கட்டும். தேரி மண் பார்க்க அழகுதான், ஆனால் குதிரைமொழித் தேரி காப்புக்காடு, அங்கே கை வைக்க வேண்டாம். ஒரு அடி அகலத் தொட்டிக்கு ஒரு செடி. மாடித் தளத்தின் சூடு வேரைத் தாக்காமல் மூன்று செங்கல் மேல் தூக்கி வையுங்கள். செம்பருத்தி புதுக் கிளையில்தான் பூக்கும். அதனால் பொங்கல் முடிந்ததும் கவாத்து செய்யுங்கள். வெட்டிய குச்சியைக் குப்பையில் போட்டால் இந்தக் கட்டுரையைப் படித்ததற்கு அர்த்தமே இல்லை.

குச்சிக்குத்தான் தொங்கும் தொட்டி. பெரிய செடியைத் தொங்கவிடுவது நம் ஊருக்கு ஒத்துவராது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தொங்கும் கூடை அரை நாளில் காய்ந்துவிடும். இதழ் கிழிந்து தொங்குகிற சும்கிச் செம்பருத்தி ஒன்றுதான் தொங்கவிட்டால் அழகு, அதையும் காற்று மறைவில் வையுங்கள். ஆனால் நாற்றங்காலாக உறி அருமையானது. வெண்ணெய்ப் பானையை எறும்பிடமிருந்து காக்க நம் பாட்டிகள் கட்டிய அதே உறிதான். பென்சில் கனத்தில், மூன்று நான்கு கணு உள்ள குச்சியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, கற்றாழைச் சாற்றில் தோய்த்து, ஓட்டை போட்ட சிரட்டையிலோ பனையோலைப் பெட்டியிலோ நட்டு, வராந்தா நிழலில் உறியில் வையுங்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். எறும்பு வர ஒரே வழி கயிறுதான். கயிற்றில் வேப்பெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றினால் அந்த வழியும் அடைபடும்.

எறும்பை ஏன் தடுக்க வேண்டும்? மாவுப்பூச்சியைச் சுமந்து வந்து காவல் காப்பது அதுதான். செம்பருத்தி என்றாலே மாவுப்பூச்சி என்று செடியைப் பிடுங்கி எறிகிறவர்கள், 2008க்குப் பிறகு நடந்ததை நினைத்துப் பாருங்கள். கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எல்லாவற்றிலும் ஏறியது. அடித்த மருந்துகள் அடங்க வைக்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து எறும்பைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டு வந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவி இன்றைக்கும் நம் தோட்டங்களில் பறக்கிறது. விஷம் அடித்தால் முதலில் சாவது அதுதான். தொட்டியில் நாலு மாவுப்பூச்சி தெரிந்தால், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மீந்ததைக் குளவிக்கு விடுங்கள்.

நர்சரிக் கலப்பினங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை குட்டையாக, அடர்த்தியாக நிற்பதற்கு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ரசாயனம் கொடுப்பது உலகம் முழுக்கப் பூச்செடி வணிகத்தில் உள்ள வழக்கம். வாங்கி வந்து ஆறு மாதத்தில் 'செடி மாறிவிட்டதே' என்று திகைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அழகுக்கு வாங்குவதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் வாங்கிய உடனே அதன் பூவைப் பறித்துத் தலைக்கு எண்ணெய் காய்ச்சாதீர்கள், கொதிக்க வைத்துக் குடிக்காதீர்கள். என்ன மருந்தில் வளர்ந்தது என்று நமக்குத் தெரியாது.

"பூச்செடியில் என்ன வருமானம்?" என்று கேட்பீர்கள். வருமானம் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் நிலம் வாங்காமல் விவசாயம் பழக நினைக்கிற இளைஞருக்கு, உப்பு, வேர், வடிகால், கவாத்து, நன்மை செய்யும் பூச்சி என்று ஐந்து பாடத்தையும் ஒரே தொட்டியில் சொல்லித் தருகிற வாத்தியார் செம்பருத்தி. நிலத்தில் தோற்றால் கடன். தொட்டியில் தோற்றால் ஒரு குச்சி.

நம் இயக்கத்துக்கு என் கோரிக்கை இதுதான். இனிமேல் ஒவ்வொரு விதைத் திருவிழாவிலும் விதைப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு குச்சிப் பந்தல் போடுவோம். செம்பருத்திக் குச்சி, முருங்கைப் போத்து, வெற்றிலைக் கொடி, வாழைக் கட்டை, எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். எந்த ஊர், யார் வைத்தது, எத்தனை வருசம் என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டுங்கள். ஒவ்வொரு செடியும் குறைந்தது இரண்டு வீட்டுக்குப் போகட்டும், ஒன்று ஆற்றங்கரையில், ஒன்று மேட்டில் அல்லது மாடியில். அடுத்த வெள்ளம் எந்தப் பக்கம் வரும் என்று நமக்குத் தெரியாது.

எங்க அக்காவிடம் இதைச் சொன்னேன். "பந்தல் எல்லாம் நீ போடு. முதல்ல போன தடவை வாங்கிட்டுப் போன சிரட்டையத் திருப்பிக் கொண்டா" என்றாள். கொடுத்துவிட்டேன், புதுக் குச்சி நட்டு.