யூரோவை நூறால் பெருக்காதீர்கள்

திருவாரூர்ப் பக்கம் ஒரு பிள்ளைக்கு ஐரோப்பாவில் படிக்க ஸ்காலர்ஷிப் கிடைத்தது என்று தெரிந்ததும், சேதி கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் பெருக்கிப் பார்க்கிறார்கள். மாதம் 1,400 யூரோ. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். "இனிமே உங்களுக்கு என்ன கவலை" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போகிறார்கள். அன்றைக்கே அடகில் கிடக்கும் நகை, அக்காள் கல்யாணம், பாதியில் நிற்கும் மாடி எல்லாம் அந்தத் தொகையின் மேல் ஏறிவிடுகின்றன. பிள்ளை போய் மூன்று மாதம் ஆவதற்குள் போனில் கேள்வி வருகிறது: "தம்பி, மாசம் ஒரு முப்பதாயிரமாவது அனுப்ப முடியாதா?"

ஸ்காலர்ஷிப்பில் படிக்கப் போனவர் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பலாம், அனுப்பத்தான் வேண்டும் என்ற இந்த நம்பிக்கை அடியோடு தவறு. நன்றாகப் படிக்கிற, வீட்டின் மேல் பாசமுள்ள பிள்ளைகளைத்தான் அது அதிகம் வதைக்கிறது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரியாமலில்லை. கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் மலேசியா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று போனவர்களின் பணத்தில் கடன் அடைந்தது, வீடு எழுந்தது. வெளிநாடு என்றால் வீட்டுக்குப் பணம் வரும் என்பது இந்த மாவட்டம் கண்ணால் பார்த்த உண்மை. ஆனால் அவர்கள் வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள். உதவித்தொகை சம்பளம் அல்ல. ஓர் ஆள் அந்த ஊரில் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, உயிரோடு இருந்து படிக்க எவ்வளவு தேவை என்று அந்த ஊர் விலைவாசியில் கணக்கிட்டுத் தருவது. அந்தக் கணக்கில் இரண்டாவது ஆள் கிடையாது.

ஜெர்மனியையே எடுத்துக்கொள்வோம். சொந்தப் பணத்தில் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் ஓர் அளவுக்கு மேல் எடுக்க முடியாத முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரிலிருந்து அந்த அரசு வைத்த விதி. மாதத்துக்கு 992 யூரோ. இதற்குக் கீழே போனால் இங்கே பிழைக்க முடியாது என்று அந்த நாடே போட்ட கோடு அது. முதுகலை மாணவருக்கு டாட் (DAAD) எனும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு தரும் உதவித்தொகை எவ்வளவு தெரியுமா? அதுவும் மாதம் 992 யூரோதான். மருத்துவக் காப்பீடும் பயணப்படியும் தனியாகக் கிடைப்பது உண்மை. ஆனால் வீட்டுக்கு அனுப்ப இதில் மிச்சம் எங்கே இருக்கிறது?

முதலில் சொன்ன 1,400 யூரோ, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைத் திட்ட மாணவருக்குக் கிடைக்கும் தொகை. விமான டிக்கெட், விசா, போய்க் குடியேறும் செலவு எல்லாம் அதற்குள்தான், தனிப்படி இல்லை. படிப்பும் ஒரே ஊரில் நடக்காது. குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். ஊர் மாறும்போதெல்லாம் புதிய அறை, புதிய முன்பணம். ஜெர்மனியில் மூன்று மாத வாடகை வரை முன்பணம் வாங்கச் சட்டமே அனுமதிக்கிறது. ம்யூனிக்கில் பலர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஓர் அறைக்கே சராசரி வாடகை 800 யூரோவை ஒட்டி வந்துவிட்டது. போய் இறங்கிய முதல் மாதத்தை மட்டும் பாருங்கள். அறைக்கு முன்பணம் கட்டி ஒப்பந்தம் போட வேண்டும். வீடு கொடுத்தவரிடம் உறுதிச் சான்று வாங்கி முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் பதிவை வைத்துத்தான் வங்கியிலும் மற்ற அலுவலகங்களிலும் காரியம் நகரும். குளிர்கோட்டு, போர்வை, சட்டி பானை வாங்க வேண்டும். டிவியே இல்லாத வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் வரும். இதற்கெல்லாம் பணம் முதல் தவணை வருவதற்கு முன்பே தேவை. அந்த நேரத்தில் பணம் இங்கிருந்துதான் அங்கே போயாக வேண்டும்.

நம் அரசு தரும் தொகையின் நிலை இன்னும் மோசம். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினருக்கும் சீர்மரபினருக்கும் பாரம்பரியக் கைவினைஞர்களுக்கும் மட்டுமல்ல, நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் உரியது. டெல்டாவில் அந்தக் குடும்பங்கள் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் படிக்க அந்தத் திட்டம் பராமரிப்புக்குத் தரும் தொகை ஆண்டுக்கு 9,900 பவுண்டு; மாதம் 825. பிரிட்டன் அரசோ மாணவர் விசாவுக்கு, 2025 ஜனவரிக் கணக்கில், லண்டன் என்றால் மாதம் 1,483 பவுண்டும் மற்ற ஊர்கள் என்றால் 1,136 பவுண்டும் செலவுக்குக் காட்டச் சொன்னது. புத்தகம் முதலிய செலவுக்குத் தனியாக வரும் 1,100 பவுண்டைச் சேர்த்துக்கொண்டாலும் இரண்டையும் எட்டவில்லை. இந்தத் தொகையில் படிக்கிற பிள்ளையிடமா வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறோம்?

பார்ட் டைம் வேலை பார்த்து அனுப்பட்டுமே என்பார்கள். பிரிட்டனில் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் என்று வரம்பு. உதவித்தொகை கொடுப்பவர்கள் வேலைக்குத் தனியாக அனுமதி கேட்கச் சொல்வதும் உண்டு. மதிப்பெண் சரிந்தால் தொகையே நின்றுபோகலாம். சிலர் அனுப்பத்தானே செய்கிறார்கள் என்றால், அவர்களில் பலர் ஒப்பந்தச் சம்பளத்தில் முனைவர் ஆய்வு செய்பவர்கள். மற்றவர்கள் எப்படி அனுப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார்கள். பல்வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஊருக்கு வரும்வரை தள்ளிப்போடுகிறார்கள். வீட்டில் கேட்டால் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு வந்த பணத்தை லாபம் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். உழவு, நடவு, உரம், அறுவடை மெஷின் வாடகை எல்லாம் கழித்துத்தான் பேசுவார். அதே மனிதர் மகனின் யூரோவை மட்டும் எதையும் கழிக்காமல் பார்ப்பது ஏன்?

வெளிநாட்டு உதவித்தொகையில் குடும்பத்துக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு நடந்த ஒரு முன்னுதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1914இல் கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனபோது சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. அதில் 50 பவுண்டு இங்கிருக்கும் குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்டதை, அவரை அங்கே வரவழைத்த கணிதவியலாளர் ஹார்டி எழுதியிருக்கிறார். டிரினிட்டி கல்லூரி 60 பவுண்டு சேர்த்துக் கொடுத்தது. வீட்டின் பங்கு இவ்வளவு, படிப்பவரின் பங்கு இவ்வளவு என்று கொடுக்கும்போதே பிரித்து வைத்தார்கள். அவர் வாயைக் கட்டி மிச்சம் பிடிக்க வேண்டும் என்று விட்டுவிடவில்லை. 1919 ஜனவரியில் அதே பல்கலைக்கழகம் மீண்டும் 250 பவுண்டு தர முன்வந்தபோது, பெற்றோருக்கு 50 பவுண்டு, தன் அவசியச் செலவு போக மீதி ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் என்று ராமானுஜன் எழுதினார். தன் அவசியச் செலவைக் கழித்த பிறகுதான் அவரும் மீதியைப் பற்றிப் பேசினார்.

ஆனால் மேலே சொன்ன இன்றைய உதவித்தொகைகள் எதிலும் பெற்றோரின் பங்கு என்று ஒரு வரி கிடையாது. ஆகவே புறப்படும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முதல் மூன்று மாதம் பணம் இங்கிருந்து போக வேண்டும், அங்கிருந்து வராது. நகைக்கு வட்டி கட்ட வேறு வழி பாருங்கள். மாடி நிற்கட்டும். எவ்வளவு தொகை வருகிறது என்று அண்டை அயலாரிடம் சொல்லாதீர்கள்.

நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகமும் திரு.வி.க. அரசு கலைக் கல்லூரியும் தங்கள் மாணவர் வெளிநாடு போகும்போது வாழ்த்து பேனர் கட்டுவதோடு நிறுத்தாமல், முதல் மாத வாடகைக்கும் முன்பணத்துக்கும் வட்டியில்லாக் கடன் கொடுத்து, தவணை வரத் தொடங்கியதும் திரும்ப வாங்கிக்கொள்ளும் நிதி ஒன்றை வைக்கலாம். முன்னாள் மாணவர்கள் மனது வைத்தால் அது முடியாத காரியம் அல்ல. மாவட்டத்தின் மக்களவை, சட்டமன்ற உறுப்பினர்கள் டெல்லியில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: 9,900 பவுண்டு என்ற தொகையை, அந்தந்த நாடு விசாவுக்குக் கேட்கும் செலவுத் தொகையோடு இணைத்து ஆண்டுதோறும் உயர்த்துங்கள்.