கிணறு தாங்கும் அளவுக்குச் சோளன்

நாவற்குடாவில் ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல். இடையிலுள்ள மணல் நிலத்தில் கோடைப் பயிருக்குக் கிணறே கதி. மாரியில் மழை கைகொடுக்கும். சிறுபோகத்திலோ கச்சான் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

ஒரு போகச் சோளனுக்கு 500 முதல் 800 மில்லிமீற்றர் வரை நீர் வேண்டும். குறைவாக உள்ளபோது, இருக்கும் நீரை எல்லா நாளும் சமமாகப் பங்கிடுவதே நம்மில் பலரது வழக்கம். இது நட்டத்தையே தரும் என்பது எமது கருத்து. இளம்பயிர் ஓரளவு வாட்டத்தைத் தாங்கும். விதைத்து 50 முதல் 60 நாட்களில் பூக்கும்போது தாங்காது. அப்போது ஈரம் குறைந்தால் பொத்தியின் மயிர் பிந்தி வரும். அதற்குள் மகரந்தம் உதிர்ந்துவிடும். பொத்தியில் மணி பிடிக்காது. பிறகு எவ்வளவு இறைத்தும் பயனில்லை.

ஆகவே, பூக்கும் காலத்தில் எத்தனை பாத்திக்கு நீர் மிஞ்சும் என்று கணக்கிட்ட பின்னரே விதைப்போம். வரிசைகளுக்கிடையே வைக்கோல் பரப்பி ஈரம் காப்போம். பேராசையில் அளவுமீறி இறைத்தால் வாவியோரக் கிணறுகளில் உவர் ஏறும். அயலவரின் குடிநீரும் கெடும். கடன்பட்டு ஒரு ஏக்கரை வாடவிடுவதிலும், கால் ஏக்கரை நிறைவாக விளைவிப்பதே மேல்.