குவளைக்குச் சங்கிலி!

ரெயில் கக்கூசில் இருக்கும் குழாயைப் பார்த்திருப்பீர்கள். பல பெட்டிகளில் அது திருகு குழாய் அல்ல. அடியில் உள்ள குமிழை மேலே தூக்கிப் பிடித்தால்தான் தண்ணீர் வரும். கையை எடுத்தால் 'டக்'கென்று நின்றுவிடும்.

தண்ணீர் வீணாகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. தப்பு சொல்ல முடியாது. பெட்டித் தொட்டியில் நிரப்பிய தண்ணீர் அடுத்த பெரிய ஸ்டேசன் வரை தாக்குப்பிடிக்க வேண்டுமே!

ஆனால் வண்டி ஆடுகிற ஆட்டத்தில் ஒரு கை கம்பியைப் பிடிக்கிறது. மறு கை குமிழைத் தூக்குகிறது. குவளையை யார் பிடிப்பது? கைக்குழந்தையோடு போகும் தாய் என்ன செய்வாள்? ஒரு கை இல்லாதவர்?

குவளைக்கோ சங்கிலி. திருடர் பயமாம். சில பெட்டிகளில் சங்கிலி மட்டும் தொங்குகிறது, குவளையைக் காணோம். அந்த மகராசனை என்ன சொல்ல!

ஒரு தடவை அமுக்கினால் கொஞ்ச நேரம் ஓடி, தானே நிற்கும் குழாய் கடையிலேயே கிடைக்கிறது. எல்லாப் பெட்டியிலும் அதை மாட்டட்டும். சங்கிலியையும் ஒரு சாண் நீட்டட்டும்.