பூ ஒன்று, விலை மூன்று

ஜூலை 26-ஆம் தேதி பனிமய மாதா கோவிலில் கொடி ஏறும். ஆகஸ்டு 5-ஆம் தேதி திருவிழா. அதற்கு ஒரு மாதம் முன்பே தூத்துக்குடியில் துணி எடுக்கும் பேச்சு ஆரம்பமாகிவிடும். பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி பெயர் அச்சடித்த பனியன், அம்மாவின் ரவிக்கைக்குக் கழுத்தைச் சுற்றிப் பூவேலை! அப்போதுதான் அந்தக் கேள்வியும் எழுகிறது: அதே பூவுக்கு ஒரு கடையில் ஒரு விலை, அடுத்த கடையில் இரண்டு மடங்கு, கையால் போடுகிறவளிடம் பத்து மடங்கு. இது என்ன அநியாயம்?

அநியாயம் ஒன்றுமில்லை, சகோதரிகளே. துணியின் விலையை மட்டும் பார்ப்பதால் வருகிற மயக்கம் அது.

முதலில் அச்சு. வழக்கமான ஸ்கிரீன் அச்சில் வர்ணம் ஒன்றுக்கு ஒரு சட்டம் தயாரிக்க வேண்டும். சட்டத்துக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வர்ணமானால் 1,200. பன்னிரண்டு பனியன் என்றால் தலைக்கு 100 ரூபாய் சட்டத்துக்கே போய்விடும். அறுபது என்றால் 20 தான். நம் துறைமுகத்தில் திருப்பூர் பனியன்கள் பெட்டி பெட்டியாகக் கப்பல் ஏறுகின்றனவே, அவற்றில் இந்தச் செலவு இருக்குமிடமே தெரியாது. ஆகவே, அண்ணன் வீடும் தங்கை வீடும் சேர்ந்து ஒரே ஆர்டராகக் கொடுப்பது லாபம். நாலைந்து பனியன்தான் வேண்டுமென்றால், கம்ப்யூட்டரிலிருந்து நேராக அச்சிடும் கடைக்குப் போங்கள். அங்கே சட்டமே கிடையாது. கறுப்புத் துணியானால் அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு வேண்டும். அதற்கும் காசு உண்டு.

இயந்திர எம்பிராய்டரியில் கணக்கு வேறு. அங்கே வர்ணத்தைவிடத் தையல்களின் எண்ணிக்கைதான் பெரிது. உள்ளங்கை அகலச் சின்னம் ஒன்றுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் தையல் சாதாரணமாக ஆகும். நிமிஷத்துக்கு 800 தையல் போடும் இயந்திரம் எட்டாயிரம் தையலை முடிக்கப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளும். நூல் அறுந்தால் இன்னும் கூடும். ஜரிகை நூலோ அடிக்கடி அறும். இதழ் முழுவதையும் நூலால் நிரப்பச் சொல்லாமல், ஓரம் மட்டும் கட்டச் சொல்லிப் பாருங்கள். விலை கணிசமாக இறங்கும். படத்தை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்க ஒரு தனிக் கூலி உண்டு. அதை ஒரு தடவைதான் கொடுக்க வேண்டும். அடுத்த வருஷமும் அதையே போடுவதானால் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்!

கைவேலை விஷயத்தில்தான் நம்மவர்கள் பேரத்தில் சூரர்கள். ஆரி ஊசியால் ஒவ்வொரு முத்தாகக் கோத்துத் தைக்கிறாள் ஒரு பெண். அந்த முத்து நம் கடலில் குளித்து எடுத்ததல்ல. இங்கே முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. கண்ணாடி மணிக்கு விலை கொஞ்சம்தான். விலையில் பெரும் பங்கு அவள் உட்கார்ந்த மணி நேரங்கள். அதிலே 300 ரூபாய் குறைத்தால் அவளுடைய ஒரு பிற்பகலைக் குறைத்ததாகும்.

இந்தத் தென்கோடியில் பெண்ணின் ஊசிக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அடிமைத்தனம் இருந்த காலம் அது. லேஸ் விற்ற காசைக் கொண்டு விடுதலை வாங்கிக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. அவருடைய மகள் எலைசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்து, அங்கேயும் லேஸ் வேலையைத் தொடங்கினார். கூலி என்பது அந்தப் பெண்களுக்கு வெறும் கைச்செலவுக் காசாக இருக்கவில்லை.

செலவைக் குறைக்கத்தான் வேண்டுமென்றால் வேலையைக் குறையுங்கள். முதுகுப் பக்கம் மட்டும் பூ, கைகளுக்கு ஓரம் மட்டும் என்றால் பாதி நேரம் மிச்சம். மட்டமான ஜரிகையை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் அது சீக்கிரமே கறுத்துவிடும். ரவிக்கையைத் தைத்த பிறகு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வெட்டாத துணியைத்தான் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்ட முடியும்; தைத்ததைக் கொண்டுபோனால் பிரிக்கிற கூலியும் உங்கள் தலையில்தான் விழும்.