கூலியோடு தூளியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நூறு நாள் வேலையால் கிராமத்துப் பெண்களின் கையில் சொந்தக் காசு புழங்குகிறது என்ற உங்கள் கட்டுரையை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் தாய் மண்வெட்டியோடு நிற்கும் நேரத்தில் கைக்குழந்தை யாரிடம் இருக்கிறது என்பதைக் கட்டுரை கேட்கவில்லை. தமிழ்நாட்டில் இவ்வேலை நாட்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களுடையவை. இந்த வேலையைத் தந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளையும் எண்ணிப் பார்த்தது: ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளாவது வேலையிடத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்திக் கூலியும் தர வேண்டும் என்றது. கோளாறு அந்த எண்ணிக்கையில்தான். நிழல் இல்லாத ஏரிக்கரைக்கு எந்தத் தாயும் குழந்தையைத் தூக்கி வரமாட்டாள். வராத குழந்தை கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாததால் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. கடைசியில் அந்தப் பொறுப்பு வயதான பாட்டியிடமோ, பள்ளிக்குப் போகவேண்டிய அக்காவிடமோ போய்ச் சேரும்.

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். அங்கே பகலில் இருப்பவர்கள் இரண்டு வயது நிரம்பியவர்கள். பால்குடிக் குழந்தைக்கு வீட்டுக்குச் சத்துமாவு கிடைக்கும், அவ்வளவே. செலவு ஆகுமே என்றால், அது பெரும்பாலும் ஒருவரின் கூலிதான். திட்டம் எந்தப் பெயரில் நடந்தாலும், வேலை கேட்கும் மனுவை வாங்கும்போதே குழந்தைகளின் வயதையும் ஊராட்சி எழுதிக்கொள்ளட்டும். முதல் நாளிலேயே கொட்டகையும் தூளியும் பார்த்துக்கொள்ளும் ஆளும் இருக்கும்படி அரசு ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்