பாட்டை நிறுத்தினால் உலகம் நிற்குமா?



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை அறிந்தவர்களுக்கு, 1965-இல் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் வந்த 'திருவிளையாடல்' படத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. விறகு விற்பவராக வரும் சிவன் பாட்டின் நடுவே ஒரு கணம் நிறுத்துகிறார். உலகமே அசைவற்று நின்றுவிடுகிறது. மறுபடி பாடுகிறார், உலகம் மறுபடி இயங்குகிறது.

கதையில் வரும் கடவுளால் இயற்கையின் விதியை நிறுத்த முடியுமா என்றால், முடியும். கதை சொல்பவர் மனம் வைத்தால் கடலும் நிற்கும், சூரியனும் உதிக்க மறுக்கும்.

ஆனால் அதே படத்தில் தருமியின் கதையையும் எண்ணிப் பாருங்கள். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்பது பாண்டியனின் ஐயம். உண்டு என்று பொருள்படும் பாட்டை இறைவனே தருகிறார். அதில் பிழை இருக்கிறது என்கிறார் நக்கீரர். நெற்றிக்கண் திறக்கிறது, புலவரின் உடல் வேகிறது. அப்போதும் அவர் தம் சொல்லை மாற்றவில்லை. உலகத்தையே நிறுத்தும் கடவுளால் புலவரைச் சுட முடிந்தது, பிழையைச் சரியாக்க முடியவில்லை! பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் பின்னர் கீரன் பணிந்து, பொற்றாமரைக் குளத்திலிருந்து கரையேறுகிறார். என்றாலும் தமிழர் நெஞ்சில் நின்றது அவருடைய கேள்விதான்.

இதை ஏன் எழுதுகிறேன்? நம் ஈப்போவில் கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் இருக்கும் குனோங் சீரோவை நீங்கள் அறிவீர்கள். 1973 அக்டோபரில் அந்த மலையிலிருந்து பெரும் பாறையொன்று பெயர்ந்து, அடிவாரத்து வரிசை வீடுகளின்மேல் விழுந்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள்.

இப்படியொரு துயரம் வந்தால், "தெய்வக் குற்றம்" என்று சொல்லிவிடுகிறோம். மாண்டவர்கள் செய்த குற்றம் என்ன? ஈப்போ மலைகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. விரிசல்களில் இறங்கி, காலங்காலமாகக் கல்லைக் கரைக்கிறது. நமக்குக் குகைகளைக் குடைந்து தந்ததும் அந்த நீர்தான். பாறையைத் தளர்த்துவதும் அதே நீர்தான். நல்லவர் வீடு, கெட்டவர் வீடு என்று அதற்குத் தெரியாது. யாருடைய பாட்டுக்காகவும் அது நிற்பதுமில்லை.

'தெய்வக் குற்றம்' என்ற சொல் மாண்டவர்மேல் பழியைச் சுமத்துகிறது. கேட்க வேண்டிய கேள்வியையும் மூடிவிடுகிறது. செங்குத்துப் பாறைக்குக் கீழே மனிதர் குடியிருக்கலாமா? வேறு போக்கிடம் இல்லாமல் அங்கே ஒதுங்கும் ஏழைக்குப் பாதுகாப்பான இடம் தருவது யார்? இப்படிக் கேட்பது தெய்வ நிந்தனை ஆகாது. கடவுளையே எதிர்த்து வாதிட்ட புலவரை நம் புராணம் கரையேற்றித்தானே விட்டது!

தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து வாருங்கள், மனமாரக் கும்பிடுங்கள். கும்பிட்டு முடித்ததும் அண்ணாந்து மலையையும் ஒருமுறை பாருங்கள். மழை நாளில் சிறு கல் உதிர்ந்தாலும், "அவன் பார்த்துக்கொள்வான்" என்று இருந்துவிடாதீர்கள். முதலில் பிள்ளைகளை அப்பால் கூட்டிப் போங்கள். பிறகு, சொல்ல வேண்டியவர்களிடம் உடனே சொல்லுங்கள்.