ஸ்கான் நல்லம், இரத்தம் சரியில்லை: எதை நம்புறது?

கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த அக்கா ஒராளுக்கு இப்ப நாலாம் மாதம். கொழும்புக்கு அனுப்பிய என்.ஐ.பி.ரி இரத்தப் பரிசோதனை, டவுன் சிண்ட்ரோமுக்கு 'அதிக ஆபத்து' என்று ஆங்கிலத்தில் வந்தது. ஸ்கானில் குறை ஒன்றும் தெரியவில்லை. "ஸ்கான் நல்லம்தானே, தாளைக் கிழிச்சு எறி பிள்ளை" என்றார் மாமி. "இப்பவே ஏதாவது செய்யுங்கோ" என்றார் அயலில் ஒராள். இரண்டு பேரும் அவசரப்பட்டார்கள் என்பதுதான் என் எண்ணம்.

அந்தப் பரிசோதனை தாயின் இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ துண்டுகளைப் பார்க்கிறது. பிள்ளையுடையது என்று அது எண்ணும் துண்டுகள் உண்மையில் சூல்வித்தகத்திலிருந்து வருபவை. சூல்வித்தகத்தில் மட்டும் பிழை இருந்து, பிள்ளை சரியாக இருக்கலாம்.

கணக்கையும் பாருங்கோ. முப்பது வயதளவில் ஏறத்தாழ ஆயிரம் கர்ப்பத்துக்கு ஒன்றில்தான் டவுன் சிண்ட்ரோம். 10,000 பேரைச் சோதித்து, உள்ள 10 பேரையும் பிடித்தாலும், ஆயிரத்தில் ஒருவருக்குப் பிழையாகக் காட்டினாலே இன்னொரு 10 பேர் பயந்துபோவார்கள். அபூர்வமான குறைபாடுகளில் பிழை இன்னும் கூட. இந்த முடிவை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2022 ஏப்ரலில் எச்சரித்தது.

அதுக்காக ஸ்கானை நம்பிப் பேசாமல் இருக்கவும் ஏலாது. ஸ்கான் உறுப்புகளின் வடிவத்தைக் காட்டும்; நிறமூர்த்தங்களை எண்ணாது. உறுதியாகத் தெரிய, 15 வாரத்துக்குப் பிறகு பன்னீர்க்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கவேணும். அதில் சிறிய கருச்சிதைவு ஆபத்தும் உண்டு.

"இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காக்க மட்டும்தான் கருக்கலைப்பு. பிறகேன் தெரிஞ்சுகொள்ளுவான்?" என்று நண்பி கேட்டாள். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு இருதயக் குறைபாடு இருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் எங்கே பிரசவம், எந்த வைத்தியர் என்று ஆயத்தப்படலாம். வன்னியில் தூரம் பெரிய விசயம்.

எனவே இரத்தம் எடுக்க முன்னமே, இந்தத் தாள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தமிழில் ஒராள் இருத்தி விளங்கப்படுத்தவேணும். காசு வாங்குற இடத்துக்கு அந்தப் பொறுப்பும் இருக்கு.

அக்காவிடம் ஒன்றுதான் சொன்னேன்: "நாளைக்குக் கிளினிக்கில கேளுங்கோ, இதை உறுதிப்படுத்த எங்க போகவேணும் எண்டு."